ஒரு பேருக்கு ஒரு அட்டை

— உட்காருங்க தாயே. மூணு மாடி ஏறின மூச்சு இன்னும் அடங்கலை பாருங்க.

— உட்கார நான் வரலை ஐயா. மூணு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள நீங்க என்கூடக் கிளம்பணும், அவ்வளவுதான்.

— நீங்க யாருன்னு…

— தெரியாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. கீழ காவல்காரர் உங்களுக்குப் போன் பண்ணினதை என் காதால கேட்டேன். "நர்ஸ் பொண்ணுங்க விடுதியில மீன் சமைச்சுப் போட்டாரே, அந்தச் சமையல்காரர் சம்சாரம் வந்திருக்கு"ன்னாரு. "வரச் சொல்லு"ன்னு சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? அதுக்குள்ள நான் பத்துப் படி அரிசி களைஞ்சு உலையில போட்டிருப்பேன்.

— மறுக்கலை. அந்த ரெண்டு சொல்லைச் சொல்ல எனக்குத் துணிவு வேண்டியிருந்தது. அவர் இப்ப எப்படி இருக்கார்?

— படுத்திருக்காரு. தொண்டையில குழாய். கண்ணு மட்டும் திறந்திருக்கு. கால்மாட்டுல ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு, இவரு எந்திரிச்சு ஓடிருவாருன்னு. மூக்குல உக்காந்த ஈயை ஓட்ட முடியலை, ஓடப் போறாராம்!

— பிள்ளைங்க?

— பதினெட்டுப் பேரு வீட்டுக்குப் போயாச்சு. ஒரு பொண்ணு இன்னும் கண்ணு முழிக்கலை. ஒன்பது நாளாச்சு. அதோட அம்மா எதிர் பெஞ்சுல உக்காந்திருக்கு. தண்ணி குடுத்தா வாங்கிக்குது, குடிக்க மாட்டேங்குது. சாயங்காலம் வரைக்கும் டம்ளரைக் கையிலயே வெச்சிருக்கு. நான் யாருன்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா அந்தத் தண்ணியை என் மூஞ்சியில ஊத்தும்.

— ஒன்பது நாளா எனக்கும் பதிகம் வாயில வரலை. விளக்கை ஏத்துறேன், கை கூப்புறேன், முதல் அடி வருது. ரெண்டாம் அடியில நாக்கு நின்னுருது.

— உங்க பதிகத்தைச் சாமி பொறுத்துக்கும். இதைப் பாருங்க. இது நீங்க எழுதினதுதானே?

— மீன், செடிப் பெயர்க் கையேடு. ஆமாம், நான் தொகுத்தது.

— எல்லா விடுதிச் சமையலறைக்கும் உங்க ஆபீஸே கொண்டாந்து குடுத்துச்சு, சுவத்துல ஆணி அடிச்சுத் தொங்க விடுங்கன்னு. நாங்களும் சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்க விட்டோம். இருபத்தாறாம் பக்கம். படிங்க.

— எனக்கு அது மனப்பாடம் தாயே.

— பரவாயில்லை. வாய்விட்டுப் படிங்க. நீங்க எழுதினதை நீங்க சொல்லிக் கேக்கணும் நான்.

— "பொன்னாரை. விலாவில் பொன்னிற வரி உடைய மீன். சதை மென்மை, முட்டை மிகுசுவை. நோயுற்றோர்க்கும் ஆகும்."

— நோயுற்றோர்க்கும் ஆகும்! எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. ஆச்சே, பத்தொன்பது பேருக்கு ஆச்சே.

— அந்த வரி பொய்யில்லை. ஆத்து முகத்துவாரத்துல வலையில விழுற பொன்னாரைக்கு, அதுல ஒவ்வொரு எழுத்தும் மெய்.

— இதையேதான் உங்க ஆபீஸ்லயும் சொல்றாங்க. புத்தகம் சரியாம். புத்தகத்துல உள்ள மீனு நல்ல மீனாம். எங்க வீட்டுக்காரர்தான் வேற மீனை வாங்கிட்டாராம். டாக்டரம்மா விளக்கமாச் சொன்னாங்க. ஆழக்கடல்ல இன்னொண்ணு இருக்காம். அதே மஞ்சக் கோடாம், அதே பேராம், ஆனா முட்டையும் ஈரலும் நஞ்சாம். ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்ச புண்ணியவான் யாரு ஐயா?

— யாரும் உட்கார்ந்து யோசிச்சு வைக்கலை. ஆத்துக்காரர் கடலுக்குப் போக மாட்டார், கடல்காரர் ஆத்துக்கு வர மாட்டார். அவரவர் வலையில மஞ்சள் வரியைப் பாத்தாங்க, பொன்னுன்னு வாயார அழைச்சாங்க. குளத்துல படர்ற ஒரு கீரைக்கும் பொன்னாரைன்னுதான் பேர். கத்தாழைன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தர் செடியை ஒடிச்சு நீட்டுவார், இன்னொருத்தர் மீனைத் தூக்கி நீட்டுவார். பழைய பாட்டுல வேங்கைன்னா மரமும் அதுதான், புலியும் அதுதான்.

— புலி உறுமும், ஓடிப் பொழச்சுக்கலாம். செத்துக் கூடையில கிடக்குற மீனு என்ன சொல்லும்? கேளுங்க ஐயா, எங்க வீட்டுல எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரே பேரு. மாமியார் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு பேருமே திரும்ப மாட்டோம், ஏதோ வேலை காத்திருக்குன்னு. அதுக்காக எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுலயா சோறு போட்டாங்க? அவ வேற, நான் வேறன்னு அந்தக் கிழவிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா?

— தெரியலை. ஒரே தட்டுத்தான் வெச்சேன். அதுதான் நான் செஞ்ச பிழை.

— அப்பாடா. ஒரு வார்த்தை நேரா வந்துச்சு. மேல சொல்லுங்க.

— இந்தச் சுவர் முழுக்க இருக்கிற இழுப்பறை எல்லாம் அட்டைதான். பச்சை அட்டை செடிக்கு, நீல அட்டை மீனுக்கு. நாலு வருஷம் துறை துறையா, சந்தை சந்தையா உட்கார்ந்து கேட்டு எழுதினது. பதினோராயிரம் அட்டை. அச்சுக்குக் குடுக்கிறதுக்கு முன்னே அகர வரிசையில அடுக்கினேன். ஒரே பேர்ல, ஒரே நிறத்துல ரெண்டு வந்தா ஒண்ணை வெளிய எடுத்துரணும். ஒரு பேருக்கு ஒரு அட்டை. அது நானே எனக்கு வெச்சுக்கிட்ட விதி. இல்லைன்னா ஒரே மீனை நாப்பது பேர் சொன்னா, நாப்பது தரம் அச்சேறும்.

— பொன்னாரைக்கு எத்தனை வந்துச்சு?

— பச்சையில ஒண்ணு.

— நான் கீரையைக் கேக்கலை.

— நீலத்துல ரெண்டு.

— ரெண்டு! இன்னொண்ணுல என்ன எழுதியிருந்துச்சு?

— "விலாவில் மஞ்சள் வரி. முட்டையும் ஈரலும் தொடாதே. உதடு மரத்துப்போகும், கைகால் விழுந்துவிடும்."

— ஐயோ… ஐயோ சாமி. எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு எடுத்து வெளிய போட்டிருக்கீங்க.

— தெரியலை தாயே, அதுதான் கொடுமை. ரெண்டும் ஒரே மீன்னு நினைச்சேன். ஒரே மீன் நோயாளியைத் தேத்தவும் தேத்தும், ஆளைச் சாய்க்கவும் சாய்க்கும்னா எப்படி? ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணும்னு முடிவு கட்டினேன். ஒண்ணு முகத்துவாரத்துல ஒரு பெரியவர் சொன்னது. நிதானமா, நல்ல தமிழ்ல சொன்னார். இன்னொண்ணு படகுத்துறையில கேட்டது. இஞ்சின் சத்தத்துல பாதி காத்தோட போச்சு. படகுக்காரங்களுக்கு ஆயிரம் பயம் உண்டு, அதுல இதுவும் ஒண்ணுன்னு எண்ணி, அட்டை முதுகுல "ஐயம், நீக்குக"ன்னு எழுதி எடுத்துட்டேன்.

— நல்ல தமிழ்ல சொன்னா நல்ல மீனு. கொச்சையாச் சொன்னா கட்டுக்கதை. அப்படித்தானே?

— அடிங்க. அடிக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

— உங்களை அடிச்சு நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறேன்? இப்ப என்கிட்டச் சொன்னதை மூணு மணிக்கு அங்க வந்து சொல்லுங்க. அது போதும்.

— சொல்றதுக்குத் தயாராத்தான் இருக்கேன். கடிதமே எழுதி ஒப்பமிட்டு வெச்சிருக்கேன். இதோ.

— குடுங்க. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், நானே படிச்சுக்கிறேன். "…போதிய அளவு ஆராயாது எழுதினேன். நேர்ந்த தீங்குக்கு நானே பொறுப்பு…" ஏன் ஐயா, இதுல ரெண்டாவது அட்டையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?

— பொறுப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்ட பிறகு அது எதுக்கு?

— எதுக்கா? நான் என்ன சொல்றேன்னா, இந்தக் காகிதத்தை நீட்டினீங்கன்னா உங்க மேலதிகாரி கண்ணைத் துடைச்சுக்குவாரு. "பாருங்க, புலவரய்யாவுக்கு எவ்வளவு பெரிய மனசு, ஒரு சமையல்காரனுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு"ன்னு சொல்லி, கார் வெச்சு உங்களை வீட்டுல விட்டுட்டு வருவாங்க. சால்வை போத்தினாலும் போத்துவாங்க. பழி எங்க ஆளு தலையிலயே இருக்கும். வாய்ச்சொல் வேகாது ஐயா. அட்டை வேணும்.

— அட்டை இல்லை.

— இல்லைன்னா?

— கிழிச்சுட்டேன். அச்சு முடிஞ்ச அன்னைக்கே.

— பொய் சொல்லிப் பழகின வாயா இருந்தா நான் நம்பிட்டுப் போயிருப்பேன். இந்த அறையைக் கொஞ்சம் பாருங்க. ஜன்னலோரம் நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்கிறது என்ன? பேனா மூடி. மூடி மட்டும்! பேனா ஒண்ணையும் காணோம். அந்த டப்பாவுல பழைய பஸ் டிக்கெட். ஆணியில ஆறு வருஷத்துக் காலண்டர், ஒண்ணு மேல ஒண்ணா. முடிஞ்சுபோன தேதியைக்கூடக் கிழிக்க மனசு வராத மனுஷன், எழுதின அட்டையைக் கிழிச்சாராம். யார்கிட்ட கதை விடுறீங்க?

— தாயே, வற்புறுத்தாதீங்க.

— எந்த இழுப்பறை?

— வேண்டாம்னு சொல்றேன்.

— எந்த இழுப்பறைன்னு கேட்டேன். நீங்க சொல்லலைன்னா பதினோராயிரத்தையும் கீழ கொட்டித் தேடுவேன். கல்யாணப் பந்திக்கு வெங்காயம் உரிச்ச கை இது, சலிக்காது.

— அதோ, கடைசி. பூட்டியிருக்கு.

— சாவி?

— என் இடுப்புல.

— ஓ. சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு, கடுதாசியில பெரிய மனுஷன். பேரு போயிரும்னு பயம். இத்தனை வருஷம் சேத்த பேரு. எங்க வீட்டுக்காரருக்குப் பேரே இல்லை, போறதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சிட்டீங்க.

— என் பேர் இன்னைக்கே போகட்டும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் சாவியைத் தர்றேன். அவர் மேல இப்ப என்ன வழக்கு?

— கவனக்குறைவாம். வக்கீல் சொல்றாரு, வேலை போகும், ஆனா தெரியாமச் செஞ்சதுங்கிறதால ஆறு மாசத்தோட முடியலாம், எச்சரிச்சுகூட விடலாம்னு. புத்தகம் தப்புன்னு விசாரணையில ஒத்துக்கிட்டாங்கன்னா அதுவும் இல்லாமப் போகும். ஆனா அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகி, புத்தகமும் சரிதான்னு எழுதிட்டாங்கன்னா…

— தெரியாமச் செஞ்சதுக்கு அது. தெரிஞ்சு செஞ்சிருந்தா?

— என்ன கேள்வி இது? பத்தொன்பது பொண்ணுங்களும் அவரை அப்பான்னுதான் கூப்பிடுங்க. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்ற பிள்ளைக்குச் சோறு ஆறிரும்னு பானையைத் துணி சுத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அன்னைக்கும் அவருதான் மொதல்ல தின்னாரு. முட்டையை வாயில போட்டுட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் அதுங்களுக்குப் போட்டாரு. எனக்கு மீன் ஆகாது, அதனால நான் உங்க முன்னாடி நின்னு பேசுறேன்.

— நான் சந்தேகப்படலை. கேக்கப் போறது நான் இல்லை, விசாரணைக்காரங்க. "நஞ்சுன்னு உனக்குத் தெரியுமே, ஏன் சமைச்சே?"ன்னு கேட்டா?

— அவருக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போடத் தெரியும், அதுக்கு மேல ஒரு எழுத்து தெரியாது.

— எழுத்துத் தெரிஞ்சவனுக்குத் தெரியாமப் போனது அது. இந்தாங்க சாவி. ரெண்டு சுத்து சுத்தணும். மேலாப்புலயே இருக்கும், நீல அட்டை.

— ம். இதுதான். "பொன்னாரை. விலாவில் மஞ்சள் வரி. முட்டையும் ஈரலும்…" நீங்க சொன்னபடியேதான் இருக்கு.

— கீழ் மூலையைப் பாருங்க. ஒரு சொல் யார் வாயிலருந்து வந்ததோ, அவர் பேரை அங்க எழுதுறது என் வழக்கம். சொல்லைக் குடுத்தவருக்கு நான் காட்டுற மரியாதை அது ஒண்ணுதான்.

— எழுத்து பொடிசா இருக்கு. "சொன்னவர்: வடதுறை ஆழக்கடல் படகுச் சமையல்காரர். ‘கரண்டி’ என்று…"

— படிங்க தாயே.

— "‘கரண்டி’ என்று அழைக்கப்படுபவர்." ஐயா… பொன்னாரைன்னு பத்து மீன் இருக்கலாம். வடதுறையில கரண்டின்னு ஒருத்தர்தான் ஐயா. அது எங்க வீட்டுக்காரர்.

— பத்திரிகையில படம் வந்த அன்னைக்குத்தான் எனக்கும் தெரிஞ்சது. முகம் நினைவுக்கு வந்ததும் ஓடி வந்து இழுப்பறையைத் திறந்தேன். அன்னைக்குத் துறையில வெயில் தாங்காம எனக்குத் தலை சுத்திருச்சு. படகுலருந்து இறங்கி வந்து, ஒரு கையில கரண்டி, ஒரு கையில என் குடை, நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னவர் அவர். "எழுதிட்டீங்களா, முட்டையைத் தொடக் கூடாதுங்கிறதை எழுதிட்டீங்களா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார். எழுதிட்டேன்னு சொன்னேன். பொய்யில்லை, எழுதத்தான் செஞ்சேன்.

— படகு வேலையை விட்டுட்டு விடுதிக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. இப்படி ஒருத்தர் வந்து கேட்டாருன்னு ஒரு நாள்கூட என்கிட்ட சொன்னதில்லை.

— இப்ப விளங்குதா? இந்த அட்டையை வெச்சா என் பிழை நிலைநிற்கும். கூடவே, இந்த மனுஷனுக்கு நஞ்சுன்னு தெரியும், தெரிஞ்சே பத்தொன்பது பிள்ளைங்களுக்குப் போட்டார்ங்கிறதும் நிலைநிற்கும். ஆறு மாசம் ஆயுசுக்கும் நீளும். வைக்கலைன்னா அவர் தெரியாதவர். இதை உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டா, என்னை வஞ்சகன்னு திட்டிட்டாவது நிம்மதியாப் போவீங்கன்னு நினைச்சேன். வாயால தர்மம் பேசி வயசான எனக்கு, இதுல எது தர்மம்னு ஒன்பது நாளாத் தெரியலை. நீங்க சொல்லுங்க. கிழிக்கச் சொன்னா இப்பவே உங்க கண்ணு முன்னால கிழிக்கிறேன்.

— தண்ணி இருக்கா?

— இந்தாங்க. இப்பவாவது உட்காருங்க.

— கிழிக்காதீங்க ஐயா. சட்டையை மாட்டுங்க. அட்டையையும் எடுங்க, கடுதாசியையும் எடுங்க. நானும் வந்து சொல்றேன்.

— நீங்க என்ன சொல்ல முடியும்? அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு யார் அறிவா?

— நான் அறிவேன். இப்பத்தான் அறியுறேன். அன்னைக்குக் காலையில நான் அங்கதான் காய் நறுக்கிக்கிட்டிருந்தேன். மீன்காரர் புதுசு, கூடையைக் கவுத்துட்டுப் போயிட்டாரு. இவரு ஒரு மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குறாரு, நிக்குறாரு, அசையவே காணோம். அப்புறம் ஆணியிலருந்து உங்க புத்தகத்தை எடுத்து என் மடியில போட்டுப் படின்னாரு. படிச்சேன். இன்னொரு தரம் படின்னாரு. படிச்சேன். "கீழ பாரு, வேற ஒண்ணும் போடலையா, நல்லாப் பாரு"ன்னாரு. அதுக்குக் கீழ வேற மீனு, ஒண்ணும் போடலைன்னேன்.

— போடலை. நான்தான் போடலை.

— "அவ்வளவு படிச்சவரு நாலு இடத்துல விசாரிச்சிருப்பாரு. அப்ப நான்தான் இத்தனை வருஷமாத் தப்பா நெனச்சுக்கிட்டிருந்திருக்கேன்"ன்னாரு. எதைன்னு நான் கேக்கலை ஐயா. வேலை கிடக்குதுன்னு அடுப்பைப் பத்த வெச்சுக் குடுத்தேன்.